டக் என்று கேட்டால் பயமில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகும்போது வருவதே இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? லாரியில் போகிற மனுஷன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இதோடு வரும் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்காதே. உள்ளே ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வரைந்த கத்திகளை ராவிக்கொண்டிருந்தவன், முதல்முறையாக நானே வரைந்து செய்தது. முதலாளி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு பேர்கிட்ட கொடு. மூணு மாசம் தினமும் பாக்கெட்ல வெச்சிருக்கட்டும். ஆறு பேரும் நல்லாருக்குன்னு எழுதித் தந்தா ஃபோர்மேன் நாற்காலி உனக்கு. இல்லைன்னா பழையபடி அரத்தைப் பிடி" என்றார்.

ஐந்து பேரை அவர் பொறுக்கினார். ஆறாவது ஆளாக நான் உன்னைச் சொன்னேன். சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை போடுகிறவளுக்கு நாள் முழுக்க வெட்டுகிற வேலைதானே. தவிர, உனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும்.

இதன் உயிரே பூட்டில்தான். அலகைத் திறந்ததும் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். டக் என்று கேட்கும். டக் என்று கேட்டால் பயமில்லை. நீயாக அந்தத் தகட்டை ஓரமாகத் தள்ளினால் ஒழிய அலகு மடங்காது.

நல்லதோ கெட்டதோ, உள்ளதை எழுது. அம்மா உன்னை இளைக்காமல் இருக்கச் சொன்னாள்.

உன் அண்ணன்

•

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதமும் கத்தியும் பத்திரமாக வந்தன. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இவர் வேளைக்குச் சாப்பிடுகிறார், வேளைக்கு நடுவிலும் சாப்பிடுகிறார். அம்மாவின் முட்டியைக் கேட்டதாகச் சொல்.

கத்தியைப் பற்றி என்ன சொல்ல! கைக்குள் அடங்குகிறது. பாக்கெட்டில் இருப்பதே தெரியவில்லை. முதல் வாரம் இரண்டு தடவை காணோம் என்று கடை முழுக்கத் தேடி, கடைசியில் என் பாக்கெட்டிலேயே எடுத்தேன். ரெக்சினை இழுத்தால் காகிதம் மாதிரி போகிறது. சணல் கயிறு, அட்டைப் பெட்டி, பழைய நாற்காலியில் துருப்பிடித்த ஆணியைச் சுற்றியிருக்கும் துணி, தபால் உறை, ஆப்பிள் எல்லாம் வெட்டியாயிற்று. பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு தடவைதான் சாணை பிடித்தேன். எங்கள் தையல்காரர் இரவல் கேட்டார். "என் அண்ணன் செஞ்சது, கையில எடுத்துப் பார்க்கலாம், பாக்கெட்ல போடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

குறை சொல்லியே தீர வேண்டும் என்றால் இரண்டு. பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பைக் கழற்றி மறுபக்கம் மாட்டத் துளை இல்லையே, ஏன்? திறக்கிற குமிழும் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் வைத்தால் என்ன?

உனக்கு நாற்காலி கிடைத்ததும் அதற்கு நான்தான் உறை போடுவேன். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

•

மார்ச் 1

வாயாடித் தங்கைக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். அம்மா உன் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். ஆப்பிள் வந்த இடத்தில், "தோலைச் சீவாம சாப்பிடச் சொல்லு" என்றாள்.

கிளிப்பை எதற்கு மறுபக்கம் மாட்ட வேண்டும்? வலது பாக்கெட்டில் மாட்டு, கையை விட்டால் கட்டை விரலுக்கு நேராகக் குமிழ் வரும். அப்படித்தான் அளவெடுத்து வைத்திருக்கிறேன். உலகத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வியெல்லாம் உனக்குத்தான் தோன்றும்.

மற்றவர்களும் நல்லபடியாக எழுதுகிறார்கள். ஒரு தோட்டக்காரர் "பாக்கெட்டுக்குள்ள இன்னொரு கை இருக்கிற மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறார். முதலாளி அதை உரக்கப் படித்தார். நான் வேலையில் இருப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

நேற்று ஃபோர்மேன் நாற்காலியில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

•

மார்ச் 17
(எழுதி, அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்தது)

அண்ணா,

நலம் என்று எழுதத் தொடங்கினேன். நலமில்லை.

போன வியாழக்கிழமை ஒரு பழைய சோபாவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நான்கு மடிப்பு ரெக்சின், அதற்கடியில் சாக்கு. அலகு நடுவில் சிக்கியது. முறுக்கி மேலே இழுத்தேன். கத்தி என் கையிலேயே மடங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் எலும்பு வரை இறங்கியது. ஏழு தையல். "நரம்பு பட்டிருக்கு, நுனி மடங்குறது கஷ்டம்தான்" என்றார் டாக்டர்.

டக் என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன். சத்தியமாகக் கேட்டது.

எந்தக் கை என்று நீ கேட்பாய். அதுதான் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இடது கை, அண்ணா. நான் இன்னும் நொட்டாங்கைதான். எழுதுவது மட்டும் வலது கை. கத்தரிக்கோல், சுத்தியல், ஊசி, சாவி, எல்லாம் இடது கையில். வீட்டுக்கு வரும்போது மட்டும் வலது கைக்காரியாக வந்து, வலது கைக்காரியாகத் திரும்பிப் போகிறேன். உங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்தபிறகும் சொல்லத் தோன்றவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குக் கிளம்பும்போது அப்பா மரஸ்கேலை உன் கையில் கொடுப்பார். "அந்தக் கையை எடுத்தா ஒண்ணு வை" என்பார். நீ தட்டுகிற மாதிரி தட்டுவாய், எனக்குச் சிரிப்புகூட வரும். ஒரு நாள் மட்டும் ஓங்கி அடித்தாய். அதற்கப்புறம் நான் உன் முன்னால் அந்தக் கையை எடுத்ததே இல்லை.

கட்டுப் போட்ட கையோடு கத்தியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். இடது கையில் பிடித்தால் என் ஆள்காட்டி விரல் நுனி சரியாகப் பூட்டுத் தகட்டின் மேல் போய் உட்காருகிறது. முறுக்கினால் நானே தகட்டைத் தள்ளிவிடுகிறேன். கத்தி மேல் தப்பில்லை. தப்பு என் கைமேல்தான். எல்லோரும் பிடிக்கிற கையில் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

உன் இருபத்திரண்டு வருஷத்தை இந்தக் கை கெடுக்க வேண்டுமா?

•

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு இருவரும் நலம். அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கத்தி நன்றாக இருக்கிறது. தினமும் பாக்கெட்டில் இருக்கிறது. பூட்டு உறுதி. வேறு விசேஷம் இல்லை.

அம்மாவையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை

•

ஏப்ரல் 4

தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு நீ நலமா என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. இது வாயாடி எழுதிய கடிதமா, மின்சார ஆபீஸிலிருந்து வந்ததா? அம்மா உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தாள். மாப்பிள்ளையோடு சண்டையா? எதுவானாலும் எழுது.

இங்கே ஒரு தலைவலி. ஆறு பேரில் ஒருவர் வீட்டுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். பூட்டு நழுவி விரலில் வெட்டிவிட்டது என்று கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்று முழுக்க அவருடைய கத்தியை இடுக்கியில் மாட்டி எடை தொங்கவிட்டேன். ஆயிரம் தடவை திறந்து மூடினேன். பட்டறையில் ஏழு பேரும் ஆளுக்கொரு பலகையில் குத்தி முறுக்கிப் பார்த்தோம். இம்மி அசையவில்லை. "அந்த ஆளு அதை வெச்சு டப்பா மூடியை நெம்பியிருப்பான், கை தவறியிருக்கும்" என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒருத்தன் அஜாக்கிரதைக்கு என் கத்தியா பலி?

இரண்டாயிரத்து நானூறு கத்திகள் செய்து பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறோம். மே இரண்டாம் தேதி கடைகளுக்குப் போகின்றன. பெயிண்டர் சொன்னதற்கு எதிராக எழுத்தில் ஒன்று வேண்டும் என்கிறார் முதலாளி. "பூட்டு ஒரு தடவைகூட நழுவவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. உன் வார்த்தையை நம்பித்தான் இருக்கிறேன்.

உன் அண்ணன்

•

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சண்டை எதுவும் இல்லை.

நீ கேட்டதை எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தப் பெயிண்டர் எந்தக் கையால் பிரஷ் பிடிப்பார்? நேரில் கேட்டு எழுது. ஏன் என்று என்னைக் கேட்காதே. அவருக்குக் காயம் ஆறிவிட்டதா என்றும் கேள்.

தங்கை

•

ஏப்ரல் 23

தங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியம். நான் ஒரு வரி கேட்டால் நீ ஒரு கேள்வி அனுப்புகிறாய்.

போனேன். ஏணி மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை, இடது கை. காயம் ஆறிவிட்டது, கட்டை விரலும் அடுத்த விரலும் சேரவில்லை என்று காட்டினார். "பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது?" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். இடது கை என்றால் என்ன இப்போது? அவர் கத்தியைத்தான் நாங்கள் ஏழு பேரும் முறுக்கிப் பார்த்தோமே.

உன் கையெழுத்துக்கு இனிமேல் காத்திருக்க முடியாது. முதலாளி தினமும் கேட்கிறார். அதனால் மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்தில் "பூட்டு உறுதி" என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். எதால் வெட்டினேன் தெரியுமா? நம் கத்தியால்தான். ஃபைலில் ஒட்டிவிட்டார். காரியம் முடிந்தது.

நீ இப்போதெல்லாம் யாரோ மாதிரி எழுதுகிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிடு, தூங்கு, உடம்பைக் கவனி.

உன் அண்ணன்

•

ஏப்ரல் 27

அண்ணா,

இதை இவர் லாரியில் கொண்டுவந்து நேராக உன் கையில் கொடுப்பார். தபாலை நம்ப நாள் இல்லை. உள்ளே மார்ச் பதினேழாம் தேதி போட்ட தாள் ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் படி. படித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

படித்தாயா?

நீ வெட்டி ஒட்டிய வரி பொய். என் விரலில் தையல் பிரிக்காதபோது எழுதிய வரி. காயம் இடது கையில், எழுதுவது வலது கை. அதனால்தான் கையெழுத்தில் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் காது சிவந்ததை நீ எங்கிருந்து பார்ப்பாய்?

என் கைதான் கோளாறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பெயிண்டருக்கும் இடது கை என்று நீ எழுதியதைப் படித்ததும் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். கோளாறு கையில் இல்லை, அண்ணா. ஏழு பேர் முறுக்கிப் பார்த்தீர்களே, ஒருத்தனாவது கை மாற்றிப் பிடித்தீர்களா?

இப்போதே எழுந்துபோ. ஒரு கத்தியை எடு, அலகின் கூர்மையை ராவி மழுக்கு, இல்லாவிட்டால் உன் விரலும் போகும். இடது கையில் பிடி. பலகையில் ஆழமாகக் குத்தி, முறுக்கி மேலே இழு. மூன்று தடவை செய்.

இரண்டாயிரத்து நானூறு பேரில் எத்தனை பேர் என்னை மாதிரி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தால் என்ன செய்வாய்? கத்தி ஏற்றப்போகிற லாரியை நிறுத்து. உன் நாற்காலிக்கு உறை போட எனக்கும் ஆசைதான். ஆனால் நிறுத்து.

கோபத்தில் எழுதுகிறேன். கோபம் உன்மேல் பாதி, என்மேல் பாதி. அம்மாவிடம் விரலைப் பற்றிச் சொல்லாதே.

தங்கை

•

மே 11

அண்ணா,

எல்லோரும் சுகமா? பதினான்கு நாளாயிற்று. கடிதத்தை நீ நின்றபடியே படித்தாய், பிறகு நேரே பட்டறைக்குள் போய்விட்டாய் என்று இவர் வந்து சொன்னார். "ஒரு டீ குடிங்கன்னுகூட மச்சான் சொல்லலை" என்றார். அவருக்கு அது பெரிய வருத்தம்.

கடைத்தெருவில் கத்தி விற்கிற கடைகளில் ஏறி இறங்குகிறேன். கண்ணாடிக்குள் உன் கத்தி இருக்கிறதா என்று பார்க்கிறேன். எதுவும் வாங்காமல் திரும்புகிறவளைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

என்மேல் கோபம் என்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். லாரி போயிற்றா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தங்கை

•

மே 24

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவும் அண்ணியும் நலம். உன் விரல் எப்படி இருக்கிறது? மடங்குகிறதா? அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அடுத்த தடவை டீ இரண்டாகத் தருகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். அலகை மழுக்கி, இடது கையில் பிடித்தேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். இரண்டாவது தடவை தகடு நகர்ந்தது விரலில் தெரிந்தது. மூன்றாவது தடவை மடங்கி என் விரலில் விழுந்தது. திறந்தபோது டக் என்று கேட்கத்தான் செய்தது. நம்ப மனசில்லாமல் பதினோரு தடவை செய்தேன். விரல் கன்றிப்போனது.

முதலாளியிடம் போனேன். "நொட்டாங்கைக்காரங்க எத்தனை பேரு இருக்கப்போறாங்க? பெட்டி மேல ஒரு வரி எழுதிட்டாப் போச்சு" என்றார். "இரவல் வாங்குறவன் பெட்டியைப் படிப்பானா?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தவரின் இடது கையில் அந்த மழுங்கிய கத்தியை வைத்து, பலகையில் குத்தி முறுக்கச் சொன்னேன். மடங்கியபோது ஐயோ என்று கத்திவிட்டார். பிறகு ஆளைக் கூப்பிட்டு ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார்.

பெட்டிகள் நின்றன. ஆனால் அறுநூறு கத்திகள் முந்தின நாளே அவசரமாகப் போயிருந்தன. அவற்றைத் தேடித்தான் கடை கடையாகப் போயிருந்தேன், அதனால்தான் கடிதம் இல்லை. ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது திரும்பி வந்தன. ஒன்றை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். யார் என்று கடைக்காரருக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒன்று என்னைப் படுத்துகிற பாடு உனக்குச் சொல்லி மாளாது. எதிரே வருகிற எல்லோருடைய கையையும் பார்க்கிறேன்.

நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. நான் அரத்தோடுதான் இருக்கிறேன். இருக்கட்டும். பூட்டை முதுகுப் பக்கம் கொண்டுபோய் வேறு மாதிரி வரைந்தேன், எந்தக் கைக்கும் ஒன்றுதான். குமிழ் இரண்டு பக்கமும், கிளிப்புக்குத் துளை இரண்டு பக்கமும். ஒன்று உனக்கு அனுப்பியிருக்கிறேன். பெயிண்டருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

இனி எழுதப் போவதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பிப்ரவரியில் கிளிப்பை மறுபக்கம் மாட்ட முடியுமா என்று கேட்டாயே, நீ இன்னும் இடது கைக்காரிதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி அடுத்த வரிக்குப் போனேன். தெரிந்தது என்று ஒப்புக்கொண்டால் அந்த ஸ்கேலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் ஓங்கினேன். இது சமாதானம் ஆகாது என்று எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு, தங்கச்சி.

உன் அண்ணன்

•

ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்கிறது, மை முழுக்க உள்ளங்கையில் அப்பிக்கொள்கிறது. இந்த அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு யாரும் அடிக்க மாட்டார்கள் என்று பேனாவை எடுத்தால், விரல் மடங்க மாட்டேன் என்கிறது. நடுவிரலை வைத்துச் சமாளிக்கிறேன். நேற்று உட்கார்ந்து நன்றாக அழுதேன். இன்றைக்குப் பரவாயில்லை.

கிளிப் கேள்வியிலேயே தெரிந்தது என்று எழுதியிருந்தாய். அதை என்னால் உடனே மன்னிக்க முடியவில்லை. முடிந்ததும் எழுதுகிறேன். கடிதம் போடுவதை மட்டும் நிறுத்தாதே. காணாமல்போன அந்த ஒன்றை நானும் இங்கே எல்லோர் கையிலும் தேடுகிறேன்.

புதுக் கத்தி வந்தது. கிளிப்பை இடப்பக்கம் மாட்டினேன். அதே நான்கு மடிப்பு ரெக்சின், அதே சாக்கு. பயமாகத்தான் இருந்தது. குத்தி, முறுக்கி, மேலே இழுத்தேன். பத்து தடவை.

பூட்டு உறுதி.

இந்த வரியை வேண்டுமானால் வெட்டி எடுத்துக்கொள்.

தங்கை